இட்லிக்கு இரண்டு தலைநகரங்கள்: சென்னை, பெங்களூர் உணவகங்களைப் பற்றிய வாதங்கள்

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே சுமார் 350 கிலோமீட்டர். 1864இலேயே ரயில் இந்த ஊர்களை இணைத்துவிட்டது. அன்றிலிருந்து ஆட்கள், காப்பிக்கொட்டை, அரிசி, சமையல்காரர்கள், கடைப் பெயர்கள் எல்லாம் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருக்கின்றன. கூடவே ஒரு கேள்வியும் வந்துபோகிறது: வெளியே சாப்பிட எந்த ஊர் நல்ல ஊர்? சென்னைக்காரர் பெங்களூர் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள் என்று முகம் சுளிப்பார். பெங்களூர்க்காரர் சென்னை தோசையில் மொறுமொறுப்பு உண்டு, சதை இல்லை என்பார். கணினி நிறுவனங்களின் காலம் வந்தபின் பேச்சின் தளம் மாறியது. இட்லியும் காப்பியும் சென்னைக்கு, பீரும் பீட்சாவும் பெங்களூருக்கு என்று ஒரு பாகப்பிரிவினை நடந்தது. இன்றைக்கும் பலர் அதைத்தான் முடிந்த தீர்ப்பாகச் சொல்கிறார்கள்.

ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரே விடை என்றைக்கும் இருந்ததில்லை. சுவை, பூர்விகம், சாதி, சட்டம், பணம் என ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொன்றை முன்னிறுத்திப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எதுவரை தாங்கும், எங்கே ஒழுகுகின்றன என்று பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை.

நாக்கின் வாதம்

மிகப் பழையதும் மிகப் பலவீனமானதும் இதுதான். ஆனாலும் அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. பெங்களூரின் பழைய டிபன் கடைகளில் சாம்பாருக்கு மல்லியும் தேங்காயும் வறுத்து அரைத்து, வெல்லம் சேர்ப்பது வழக்கம். அங்கே புழங்கும் பியாடகி மிளகாய் நிறம் கொடுக்குமே தவிர அவ்வளவாக உறைக்காது. சென்னைச் சாம்பாரில் புளியும் சின்ன வெங்காயமும் தூக்கலாக இருக்கும். பெங்களூர் மசால் தோசைக்கு மாவிலேயே அவலும் கடலைப் பருப்பும் சேர்ப்பவர்கள் உண்டு. வெண்ணெயில் முறுகி, வெளியே பழுப்பாகவும் உள்ளே மெத்தென்றும் வரும் அந்தத் தோசையின் உட்புறம் சிவப்புச் சட்னி தடவியிருக்கும். சென்னையின் நெய் ரோஸ்ட் கூம்பாக நின்று கையால் தொட்டதும் நொறுங்குவது.

இரண்டு கடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு துலங்கும். திருவல்லிக்கேணியில் 1948 முதல் நடக்கும் ரத்னா கபேயில் இட்லித் தட்டு மேசைக்கு வந்ததும் பரிமாறுபவர் சாம்பாரை மேலே ஊற்றுவார். இட்லி மூழ்கும்வரை ஊற்றுவார். கேட்டால் மறுபடியும் வந்து ஊற்றுவார். பெங்களூர் சங்கரபுரத்தில் 1965இல் தொடங்கிய பிராமின்ஸ் காபி பாரில் சாம்பாரே கிடையாது. இட்லி, வடை, அவற்றின்மேல் சட்னி, அவ்வளவுதான். சட்னி தீர்ந்தால் தட்டோடு மீண்டும் கவுண்டருக்குப் போய் நிற்க வேண்டும். சென்னைக்காரருக்கு இது பாதிச் சாப்பாடு. பெங்களூர்க்காரருக்கு ரத்னா கபே இட்லி ஊறிப்போன சோறு.

இந்த வாதத்தின் ஓட்டை எங்கே என்றால், ஊருக்குள்ளேயே இருக்கும் வேறுபாடு ஊர்களுக்கு இடையே இருப்பதைவிடப் பெரியது. பசவனகுடியும் சிவாஜி நகரும் ஒரே பெங்களூர்தான். முதலாவதில் தேங்காய்ச் சட்னி, இரண்டாவதில் கறிக் கபாப். மயிலாப்பூர் மெஸ்ஸையும் பர்மா பஜார்ப் பக்கம் விற்கும் பர்மிய நூடுல்ஸான அத்தோவையும் எந்த ஒற்றைச் சென்னைச் சுவைக்குள் அடக்குவது?

வரலாற்றைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. இட்லியின் பழைய வடிவம் 10ஆம் நூற்றாண்டின் கன்னட நூலான வட்டாராதனையிலும், 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் சோமேசுவரன் பெயரிலான மானசோல்லாசத்திலும் வருவதைக் காட்டி, பண்டம் எங்களுடையது என்பார்கள். கே.டி. அச்சயா போன்ற உணவு வரலாற்றாசிரியர்கள் இந்தச் சான்றுகளை விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த நூல்கள் சொல்லும் பண்டம் உளுந்து மாவில் செய்தது. அரிசியும் உளுந்தும் சேர்த்து அரைத்துப் புளிக்கவைக்கும் இன்றைய முறை அவற்றில் இல்லை. இருந்தாலும்கூட என்ன? ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓலைச்சுவடி எதுவும் இன்றைய உணவகத்தின் தரத்துக்குச் சாட்சி சொல்லாது.

உடுப்பி வாதம்

இரண்டாவது பதில் சண்டையையே கலைத்துவிடப் பார்க்கிறது. இரண்டு ஊர் உணவகங்களும் ஒரே இடத்திலிருந்து வந்தவை, சண்டைக்கே இடமில்லை என்கிறது. பெங்களூரில் உடுப்பி வட்டாரத்திலிருந்து வந்த மையா சகோதரர்கள் 1924இல் பிராமின் காபி கிளப் என்ற பெயரில் தொடங்கியதுதான் பின்னாளில் லால்பாக் சாலை எம்.டி.ஆர். ஆனது. காந்தி பஜாரின் வித்யார்த்தி பவன் 1943இல் வந்தது. சென்னையில் அதே வட்டாரத்தைச் சேர்ந்த கே. கிருஷ்ணராவ் 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். 1962 முதல் 2008 வரை கதீட்ரல் சாலையில் காருக்குள்ளேயே தட்டு மாட்டிச் சாப்பாடு போட்ட டிரைவ்-இன் உட்லண்ட்ஸும் அந்தக் குடும்பத்தின் கடைதான். அது இருந்த இடத்தில்தான் இன்று செம்மொழிப் பூங்கா. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருந்த தாசப்பிரகாஷும் கன்னடக் கரையிலிருந்து வந்த கைகளின் உழைப்பு.

இதன்படி சென்னையின் மரபு என்று நாம் கொண்டாடும் சைவ ஓட்டலின் அடித்தளமே கன்னட நாட்டுக் கடலோரத்தில் இருக்கிறது. ரத்னா கபேயைத் தொடங்கியவர்கள் அதற்கும் வடக்கே, மதுராவிலிருந்து வந்த குடும்பத்தார். அசல் சென்னை, கலப்புப் பெங்களூர் என்ற எதிர்நிலை இங்கே நிற்பதில்லை. 2016 செப்டம்பர் 12 அன்று காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பேருந்துகள் எரிந்தன. அன்று அதிகாலையில் சென்னையில் பெட்ரோல் குண்டு விழுந்த இடம் மயிலாப்பூர் நியூ உட்லண்ட்ஸ். முக்கால் நூற்றாண்டாகச் சென்னைக்குச் சோறுபோட்ட ஒரு பெயரை அந்த ஒரு காலையில் வெளியூர்க் கடையாகப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஒரே வேர் என்ற பேச்சு பசிக்கு ஆறுதலாக இருக்கலாம். அரசியலுக்கு அது போதவில்லை.

வாதத்தின் பலவீனம் வேறொரு பக்கமும் உண்டு. ஒரே விதை இரண்டு மண்ணில் ஒன்றுபோல வளரவில்லை. சென்னையில் 1981இல் கே.கே. நகரில் தொடங்கிய சரவண பவனும் அதன் வழியில் வந்த பவன்களும் உடுப்பிக் கடைகளின் இடத்தைப் பெருமளவு எடுத்துக்கொண்டன. தென் மாவட்டங்களிலிருந்து வந்த வணிகர்களின் கை ஓங்கியது. தட்டில் சட்னிகளின் எண்ணிக்கை கூடியது, கிளைகள் கடல் தாண்டின. பெங்களூரில் உடுப்பிக்காரர்கள் களத்தை விடவில்லை, கடையின் வடிவத்தை மாற்றினார்கள். போகட்டும், கறிச்சோற்றைப் பற்றி இந்த வாதத்துக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை.

யார் பக்கத்தில் யார் உட்காரலாம்

உணவகம் என்பதே ஒரு புதிய இடம். முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து, யார் சமைத்தது என்று தெரியாததைச் சாப்பிடும் இடம். வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி தமிழகத்தில் காப்பி பரவிய கதையை எழுதும்போது காப்பி கிளப்புகளில் பிராமணருக்கும் மற்றவருக்கும் இருந்த தனி இடங்களைச் சுட்டிக்காட்டுகிறார். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் அதே பிரிவு இருந்தது. சுயமரியாதை இயக்கத்தாரின் எதிர்ப்புக்குப் பின் 1941இல் அது நீக்கப்பட்டது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்துப் பெரியாரின் கட்சி நடத்திய மறியல் நாள்கணக்கில் நீண்டது. அதன் பிறகு சென்னையில் அப்படி ஒரு பலகை மாட்டுவது துணிச்சலான காரியம்.

பெங்களூரில் நிலைமை வேறு. மேலே சொன்ன பிராமின்ஸ் காபி பாரின் பெயர் இன்றும் அப்படியே இருக்கிறது. அதன் வாசலில் எல்லாச் சாதியாரும் நின்று சாப்பிடுகிறார்கள். யாரும் அதைப் பெரிய பிரச்சினை ஆக்கியதாகத் தெரியவில்லை. இதிலிருந்து சென்னை முற்போக்கு, பெங்களூர் பழமை என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அது அவசர முடிவு. பலகையில் எழுத்து இருப்பதும் பந்தியில் பிரிவு இருப்பதும் ஒன்றல்ல. எழுத்தை எடுத்தாலும் சமையலறைக்குள் யார், பாத்திரம் கழுவ யார் என்ற பிரிவு போய்விடாது. ஆனாலும், உணவகத்தை அரசியல் களமாகப் பார்க்கும் பழக்கம் சென்னையில் ஆழமாக வேரூன்றியது, பெங்களூரில் அந்த அளவுக்கு இல்லை என்று சொல்வதில் தவறில்லை.

கறி விற்ற கடைகளின் கதையும் இதன் மறுபக்கம். பெங்களூரின் மிலிட்டரி ஓட்டல்கள் பெயரிலேயே தங்களைச் சைவக் கடைகளிடமிருந்து பிரித்துக்கொண்டன. ராகிக் களி, கறிக் குழம்பு, தொன்னையில் பச்சை மசாலா பிரியாணி. ஜெயநகர் சிவாஜி மிலிட்டரி ஓட்டல் இதில் பெயர்பெற்றது. தமிழ்நாட்டில் அந்த இடத்தை முனியாண்டி விலாஸ்கள் பிடித்தன. மதுரை மாவட்டம் வடக்கம்பட்டியைச் சேர்ந்தவர்கள் ஊர்ஊராகப் போய்க் கடை திறந்து, ஆண்டுதோறும் ஊர்த் திருவிழாவில் முனியாண்டி சாமிக்குப் பிரியாணி படைத்துப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். சென்னையில் 1951இல் அண்ணா சாலையில் வந்த புகாரி, 1954இன் பொன்னுசாமி, செட்டிநாட்டுப் பெயரோடு வந்த அஞ்சப்பர் என்று கறிச்சோறு நடுத்தர வர்க்கத்தின் மேசைக்கு ஏறியது. நகரங்களை ஒப்பிடும் எழுத்தில் இவர்களுக்குக் கிடைக்கும் பக்கங்கள் இட்லிக்குக் கிடைப்பதைவிட மிகக் குறைவு. ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் எந்தத் தட்டிலிருந்து எழுதுகிறார்கள் என்பதை அது காட்டுகிறது.

சட்டத்தின் வாதம்

இதுவரை பார்த்தவற்றில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், என் பார்வையில் மிக அதிகமாக விளக்குவதும் இதுதான். தமிழ்நாட்டின் மதுவிலக்கு 1937இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கியது. பிறகு அது பல முறை போய்ப் பல முறை வந்தது. 1983இல் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் அமைந்தது, 2003இல் சில்லறை விற்பனையும் முழுக்க அதன் கைக்குப் போனது. இந்த ஏற்பாட்டில் மது பரிமாறும் உரிமம் பொதுவாக நட்சத்திர ஓட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும்தான். தெருமுனையில் தனியாக நிற்கும் ஒரு நல்ல உணவகம் உணவோடு ஒரு குவளை பீர் கொடுக்க வழியில்லை.

பெங்களூரின் கதை எதிர்த்திசை. 1809இல் ஆங்கிலேயர் அமைத்த படைமுகாம் நகரம் பழைய பேட்டைக்கு வெளியே தனி நகராகவே வளர்ந்தது. இரண்டும் 1949இல்தான் ஒரே மாநகராட்சியின் கீழ் வந்தன. ஜானகி நாயர் போன்ற வரலாற்றாசிரியர்கள் இந்த இரட்டை நகரத்தை விரிவாக எழுதியிருக்கிறார்கள். படைமுகாமில் பீர் அன்றாடப் பொருள். 1980களில் மகாத்மா காந்தி சாலைப் பக்கம் பப்கள் வரிசைகட்டின. 2010இல் இந்திராநகரில் வந்த டாய்ட் போன்ற இடங்கள் பீரைத் தாங்களே காய்ச்சத் தொடங்கின. மதுவில் கிடைக்கும் லாபம் சமையலறையின் சோதனை முயற்சிகளைத் தாங்கிப் பிடிக்கும். உணவில் மட்டும் பிழைக்க வேண்டிய கடைக்கு அந்த மெத்தை கிடையாது.

இதை வைத்துச் சென்னையின் ஒரு புதிருக்கு விடை சொல்லலாம். சென்னையில் தென்னிந்தியச் சமையலை உயர்தரத்துக்கு எடுத்துச் சென்ற இடங்கள் பெரும்பாலும் நட்சத்திர ஓட்டல்களுக்குள் இருக்கின்றன. 1989இல் தொடங்கிய தக்ஷின், தாஜ் கோரமண்டலின் சதர்ன் ஸ்பைஸ், ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் 2023இல் ஏறிய கிராண்ட் சோழாவின் அவர்தனா என்று வரிசையாகச் சொல்லலாம். சுவை அங்கே ஒதுங்கியதற்கு உரிமமும் ஒரு காரணமாக இருந்திருக்க வாய்ப்புண்டு. முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன். பெங்களூரில் 1990இல் தொடங்கிய கடலோர உணவகமான கரவள்ளியும் தாஜ் குழும ஓட்டல் ஒன்றுக்குள்தான் இருக்கிறது, அங்கே அப்படி ஒரு சட்ட நெருக்கடி இல்லை. மேலும், இந்த வாதம் மாலை ஆறு மணிக்கு மேல்தான் வேலை செய்கிறது. காலை இட்லிக்கு எந்த உரிமமும் தேவைப்படவில்லை.

பணத்தின் வாதம் இதோடு ஒட்டிவருவது. மென்பொருள் சம்பளம், நாலா திசையிலிருந்தும் வந்த இளைஞர்கள், அதனால் உலகச் சமையல் என்று அது போகிறது. சரிதான். ஆனால் சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையிலும் அதே சம்பளம், அதே இளைஞர்கள். விளைவு அதே அளவில் இல்லை என்றால், பணத்துக்கு அப்பால் ஏதோ ஒன்று இருக்கிறது.

நின்று சாப்பிடுவதும் உட்கார்ந்து சாப்பிடுவதும்

1983இல் ஜெயநகரில் ஆர். பிரபாகர் தொடங்கிய கபே தர்ஷினி பெங்களூரின் சாப்பாட்டையே எழுப்பி நிறுத்தியது. இன்றைக்கும் எந்தத் தர்ஷினியிலும் முறை ஒன்றுதான். வாசலிலேயே காசு கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும். உள்ளே கண்ணெதிரே கல், ஆவி பறக்கும் இட்லிப் பானை. சீட்டை நீட்டினால் சில நிமிடத்தில் தட்டு. மார்பளவு உயரத்தில் எவர்சில்வர் மேசை, அதைச் சுற்றி நின்று, பக்கத்தில் யார் என்று பாராமல் சாப்பிட்டுவிட்டு, ஒரு பை-டூ காப்பியைப் பகிர்ந்து குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். நாற்காலி இல்லாததால் சிறிய இடத்தில் நிறையப் பேர், பரிமாற ஆள் இல்லாததால் குறைந்த விலை. நில விலை ஏறிக்கொண்டிருந்த ஊருக்கு இது அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது.

சென்னையில் நின்று சாப்பிடும் பழக்கம் இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள். கையேந்தி பவனை அவர்கள் மறந்துவிட்டார்கள். வேறுபாடு மதிப்பில் இருக்கிறது. சென்னையில் நின்று சாப்பிடுவது தெருவோரத்துக்கு உரியது, கொஞ்சம் வசதி வந்ததும் உட்கார இடம் தேடுவார்கள். பெங்களூரில் வங்கி மேலாளரும் ஆட்டோ ஓட்டுநரும் ஒரே மேசையில் நிற்பது வழக்கமாகிவிட்டது. சென்னை வாடிக்கையாளர் காசு கொடுப்பது சாப்பாட்டுக்கு மட்டும் இல்லை. இலை போட்டு, என்னென்ன இருக்கிறது என்று பரிமாறுபவர் மூச்சுவிடாமல் ஒப்பிக்க, குழம்பு வாளி திரும்பத் திரும்ப வர வேண்டும். அதுவும் விலையில் அடக்கம். அவசரமாகப் போகிறவரைக்கூட உட்காரச் சொல்லும் ஊர் அது. பெங்களூரிலும் உட்கார்ந்து சாப்பிடும் பழைய மரபு சாகவில்லை. வித்யார்த்தி பவனில் பரிமாறுபவர் முழங்கையிலிருந்து தோள்வரை ஒரே கையில் ஒரு டஜனுக்கு மேல் தோசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கவே கூட்டம் காத்திருக்கிறது.

தர்ஷினியைச் சாதி கேட்காத மேசை என்று புகழ்பவர்கள் ஒரு பக்கம், வாடகையையும் சம்பளத்தையும் மிச்சம் பிடிக்கும் உத்தி என்பவர்கள் மறுபக்கம். இரண்டாவதுதான் நோக்கமாக இருந்திருக்க வேண்டும். முதலாவது அதன் எதிர்பாராத பலனாக இருக்கலாம்.

நடுவில் ஆம்பூர்

இரண்டு முனைகளை மட்டும் பார்ப்பவர்கள் நடுவில் இருக்கும் சாலையைக் கவனிப்பதில்லை. ஆம்பூரும் வாணியம்பாடியும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கின்றன. ஆர்க்காட்டு நவாபுகளின் சமையலறையிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஆம்பூர்ப் பிரியாணி, சீரகச் சம்பா அரிசியும் ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாயும் பக்கத்தில் புளிப்பான கத்திரிக்காய்த் தொக்குமாக, இரண்டு திசையிலும் பரவியது. பெங்களூரின் தொன்னைப் பிரியாணியிலும் சீரகச் சம்பாதான், திண்டுக்கல் பிரியாணியிலும் அதுவேதான். ஆந்திராவின் சாப்பாடு வேறு, ரெசிடென்சி சாலை நாகார்ஜுனா போன்ற கடைகள் வழியே பெங்களூரின் மதியத்தை ஆள்கிறது. இந்தச் சாலையை ஒரே உணவு வட்டாரமாக எடுத்துப் படித்தால், இரண்டு நகரங்களையும் போட்டியாளர்களாக நிறுத்தியதில் மறைந்துபோன பலவும் தென்படக்கூடும். அப்படி ஒரு படிப்பு பரவலாகவில்லை. எழுதுபவர்கள் நகரங்களில் இருக்கிறார்கள்.

இன்னும் தீராதவை

உணவகம் என்று எதைச் சொல்கிறோம் என்பதே முதல் சிக்கல். 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் கொடுத்தது. அதைப் பார்த்து 2017 ஆகஸ்டில் பெங்களூரில் வந்த இந்திரா கேன்டீன் ஐந்து ரூபாய்க்குக் காலைச் சிற்றுண்டி, பத்து ரூபாய்க்கு மதியச் சாப்பாடு என்றது. ஊர்களின் உணவை ஒப்பிடும் எந்தப் பட்டியலிலும் இவை இடம்பெறுவதில்லை. இவற்றையும் சேர்த்தால், சாப்பாட்டில் பெங்களூர் சென்னையிடமிருந்து நேராக எடுத்துக்கொண்ட மிகப் பெரிய விஷயம் ஒரு பண்டம் அல்ல, ஒரு அரசுத் திட்டம் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டாவது, கடன் வாங்கும் திசை. 2021இல் பெங்களூரில் தொடங்கி நெய்யும் பொடியும் மிதக்கும் இட்லியால் புகழ்பெற்ற ராமேஸ்வரம் கபே தன் பெயரை அப்துல் கலாமின் ஊரிலிருந்து எடுத்தது. பெங்களூரின் வெண்ணெய்த் தோசையும் தட்டு இட்லியும் சென்னைத் தெருக்களில் பலகை மாட்டிக்கொண்டிருக்கின்றன. 2014இல் பெங்களூரில் தொடங்கிய ஸ்விக்கியின் வண்டியில் எந்த ஊர்ச் சாப்பாடும் எந்த ஊர் வாசலுக்கும் வந்துவிடுகிறது. ஆளே உட்காராத, பலகையே இல்லாத சமையற்கூடங்களும் பெருகுகின்றன. நின்று சாப்பிடும் ஊர், உட்கார்ந்து சாப்பிடும் ஊர் என்ற பிரிவு, வீட்டுச் சோபாவில் பொட்டலம் பிரிக்கும் தலைமுறைக்கு என்ன பொருள் தரும்?

சுவையும் பூர்விகமும் தீர்ப்புக்கு உதவாது என்பது ஓரளவு தெளிவு. சட்டமும் கடையின் வடிவமும் அதிகம் விளக்குகின்றன, ஆனால் அவை மாறக்கூடியவை. தமிழ்நாட்டு உரிமக் கொள்கை ஒருநாள் தளர்ந்தால் சென்னையின் மாலை உணவகங்கள் பெங்களூரைப் போல ஆகுமா, அல்லது இலையும் வாளியும் எதிர்பார்க்கும் வாடிக்கையாளர் அப்போதும் வேறு எதையாவது கேட்பாரா என்பதுதான் இந்த வாதங்களை உண்மையில் சோதிக்கக்கூடிய கேள்வி. இடையில் ஒரு செய்தி: யுனெஸ்கோ 2017இல் சென்னையை இசை நகரமாக அறிவித்தது. சமையலுக்கான பட்டத்தை 2019இல் ஹைதராபாத்துக்குக் கொடுத்துவிட்டது.